ஓடாத சிவப்பு

“எங்கப்பா சாயம் ஓடலை! நீ ஓட வச்சே!”

“யாரைப் பாத்து நீங்கிறே? வாயை அலம்பிட்டு வந்து பேசு!”

“அலம்பத்தான் வந்தேன், உன் மானத்தை!”

உச்சி வெயில், நட்டநடுத் தெரு. துணிக்குக் கஞ்சி போடும் அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். சட்டை தீய்ந்தது தனிக் கதை. கத்தியவள் சிவப்புச் சாயக்காரரின் மகள். வாங்கிக் கட்டிக்கொண்டவர் எதிர்ப் பட்டறை நீலக்காரர்.

ரயில் என்ற பேச்சே இல்லாத காலம் அது. கோட்டைப் படைக்குத் துணி தோய்த்தால்தான் பட்டறைக்கு மரியாதை. அவள் சிறுமியாக இருந்தபோது, அப்பா தோய்த்த சிவப்பு உடுப்பெல்லாம் அணிவகுப்பில் பெய்த மழையில் கரைந்து, தளபதியின் வெள்ளைக் குதிரை ரோஜா நிறமானது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்று உள்ளே போன அப்பா பிறகு வாசலை எட்டிப் பார்க்கவில்லை. மகளுக்குப் பட்டறையும் ‘ஓடுசாயம்’ என்ற பட்டப்பெயரும்தான் மிச்சம்.

சிவப்பு துணியில் பிடிக்கப் படிகாரம் வேண்டும். அந்தத் தடவை அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் நீலக்காரர்; அப்போது அப்பாவின் உயிர்த் தோழர். சாயக்காரர்கள் எந்தக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கொப்பரையில் போடுவார்கள். நண்பன் கொடுத்ததை மட்டும் நக்கிப் பார்ப்பதில்லை, அவமதிப்பாம். அப்பா மரியாதை பார்த்தார், மானம் போனது.

சண்டை கோட்டை வரை போனது. தளபதி மீசையைத் தடவினார். “புதுக் கொடிக்குத் துணி வேணும். ரெண்டு பேரும் தோய்ங்க. மழை வர்ற வரைக்கும் சந்தைத் திடல்ல தொங்கட்டும். யாரோட சாயம் ஓடுதோ அவங்க தெருவைக் காலி பண்ணணும்.”

அவளுக்கு அது மட்டும் போதவில்லை. நீலத் தொட்டி என்பது கிட்டத்தட்ட உயிர் உள்ளது. தவிடும் சுண்ணாம்பும் ஊட்டி, சூடு ஆறாமல் வளர்ப்பார்கள். ஒரு குடம் புளித்த காடியை ஊற்றினால் தொட்டி செத்தது, பட்டறையும் படுத்தது. காடிக் குடத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

மறுநாள் கொல்லை வாசலில் நீலக்காரரின் மகன் வந்து நின்றான், தோளில் ஒரு மூட்டையோடு. முழங்கை வரை நீலம். அதனால் ஊரில் ‘மயில்’ என்றே கூப்பிடுவார்கள். பெண்கள் எதிரில் வாய் திறந்தால் காது சிவந்துவிடும்.

“இது உப்புக்கல்லு. உங்க படிகாரத்தை எடுத்துட்டு இதை வச்சிட்டு வரச் சொன்னாரு அப்பா. அன்னிக்கு உங்கப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே.”

“மவன் வந்து காட்டிக் குடுக்கிறியா? இதுல என்ன சூது?”

“நக்கிப் பாருங்க.”

நக்கினாள். உப்பு. ஓடிப்போய்த் தன் மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள், வாய் சுருங்கியது. அசல் படிகாரம். அவள் நம்பட்டும் என்று அவனும் ஒரு படிகாரக் கல்லை வாயில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் வாய் கோணி ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றும் தகராறு.

சிரிப்பு அடங்கியதும் அவன் குடத்தை மோந்து பார்த்தான். “காடி எதுக்கு?”

“உங்க தொட்டிக்கு.”

அவன் முகம் வெளுத்தது. “கைக்குழந்தை மாதிரி நான் பாத்துக்கிட்ட தொட்டி அது. ஆனா நியாயம்தான். ஊத்துங்க, தடுக்க மாட்டேன்.”

தடுத்திருந்தால் ஊற்றியிருப்பாள். “போடா மயிலு,” என்று குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். “உங்கப்பாவை மழை பாத்துக்கும்.”

மழை பார்த்துக்கொண்டது. இரண்டு துணிகளும் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, திடலே கூடி நின்றது. சிவப்பு சொட்டச் சொட்ட நனைந்தது. கீழே விழுந்தது வெறும் தண்ணீர். நீலம்? தோய்த்து, காற்றில் காட்டி, மறுபடி தோய்த்து என்று பல தடவை செய்தால்தான் நீலம் நிற்கும். மகன் கல்லை மாற்றிவிட்டான், அவள் தோற்றுவிடுவாள் என்ற தைரியத்தில் நீலக்காரர் ஒரே முக்கு முக்கித் தொங்கவிட்டுவிட்டு, ஜன்னலில் நின்று அவளை வேவு பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் தாரை தாரையாக இறங்கி, கீழே நின்ற தளபதியின் குதிரை மேல் வழிந்தது. அதே குதிரை, பாவம், கிழடு தட்டியும் அதற்கு விடிவில்லை.

மயில் மூட்டையைத் தூக்கிவந்து எல்லோர் எதிரிலும் உண்மையை உடைத்தான். தளபதியே ஒரு கல்லை நக்கிக் காறித் துப்பினார். கூட்டம் வழிவிட, கதவுக்குள் கிடந்த அப்பா மழையில் நடந்து வந்து, சிவப்புத் துணியைப் பிழிந்து, சாயம் ஒட்டாத தன் உள்ளங்கையை ஊருக்கே தூக்கிக் காட்டினார்.

அவர் மகளைக் கட்டிக்கொண்டு மயில் எதிர் வீட்டுக்கே வந்துவிட்டான். தொட்டியையும் தளும்பாமல் கொண்டுவந்தான். நீலக்காரர் வெளியூரில் இருந்த தங்கை வீட்டோடு போனார். ‘ஓடுசாயம்’ என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கஞ்சி அக்கா உபயம். புருஷன் கொண்டுவரும் படிகாரத்தைக்கூடச் சிவப்புக்காரர் மகள் இன்றும் நக்கிப் பார்க்காமல் கொப்பரையில் போடுவதில்லை. அவனும் பக்கத்தில் நின்று, அவள் வாய் கோணுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.