ஆடம்பரக் கம்பளி

வட்டவளைத் தேயிலை மலையில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசி வரை விடாது. முதுகில் ஒரு கறுப்புக் கம்பளி இல்லாமல் கொழுந்து மலை ஏறுகிறவள் இருமிக்கொண்டுதான் லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். அந்தக் கம்பளியைத்தான் 1955இல் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு சுங்க மகாராசன் விரித்துப் பார்த்து, தரைவிரிப்பு, ஆடம்பரச் சாமான் என்று எழுதி, பழைய வரியைப்போல ஐந்து மடங்கு தீட்டிவிட்டான்.

மாட்டிக்கொண்டவை மூன்று பொதிகள். அட்டன் கடைவீதி வடிவேல் இந்தியாவிலிருந்து தருவித்த சரக்கு.

"வரியைக் கட்டிட்டு வெலையில ஏத்திடுங்க. மத்தக் கடைக்காரங்க அப்படித்தானே செய்யுறாங்க?" என்றாள் மனைவி அழகம்மை.

"ஒரு சதம் கட்டமாட்டேன்! ஏத்துன வெலைக்கு ஒரு கம்பளி விக்கமாட்டேன்! கோர்ட்டுல ஒரு கை பாத்துடுறேன்!" என்று வடிவேல் கொதித்தார்.

வட்டவளைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மீனம்மா அப்போது கடை வாசலில்தான் நின்றாள். "பழசு சல்லடையாப் போச்சுங்க மொதலாளி. எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

"மொதக் கம்பளி ஒனக்குத்தான். அடுத்த கெழம வா."

அடுத்த கிழமையாம்! மனுஷன் சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அவருடைய அப்பா பெரிய கங்காணி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துத் தொரை வந்து ஒவ்வொரு முறைப்பாட்டையும் கேட்டு, "சரி" என்றோ "போ" என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவர். கோர்ட்டும் கூரை போட்ட பெரட்டுதானே என்று நினைத்துவிட்டார். கோட்டும் தலைப்பாகையுமாகப் போய், ஒரு எலுமிச்சம்பழத்தை நீதிபதிக்கு நீட்டி, "சலாமுங்க தொரை, இந்த வரிய எடுத்துடுங்க" என்றார். பியோன் அவரை முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தான். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நாலு மாதம் தள்ளித் தவணை போட்டார். சாயங்காலமே பொதிகளை ஏற்றிவரப் பேசியிருந்த லொறி வெறுமனே திரும்பியது.

"கேஸைக் கூப்பிட்டாங்களே, அதுவே பெருசு" என்றார் அவருடைய வக்கீல், புரொக்டர் கணேசமூர்த்தி. அன்றைக்கும் பீஸ் வாங்கிக்கொண்டார்.

அடுத்த தவணையில் அரசாங்க வக்கீலுக்குச் சளி. அதற்கடுத்ததில் நீதிபதிக்கு மாற்றல். புதியவர் முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார், பாதியில் அவருக்கும் மாற்றல். நாலாம் வருஷம் மாதிரிக்கு ஒரு கம்பளியைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பியோனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேசைக்கு அடியில் விரித்து மத்தியானத் தூக்கம் போட்டான். அரசாங்க வக்கீல் அதைச் சுட்டிக் காட்டி, "பாருங்கள், தரையில்தானே விரித்திருக்கிறது!" என்றார். அந்த ஒரு தூக்கத்தை வாதாடி முடிக்க ஒன்றரை வருஷம் பிடித்தது.

மீனம்மா ஒவ்வொரு மழைக்கும் வந்து கேட்டாள். தலையில் மடித்துப் போட்ட சாக்கு, நெஞ்சில் இருமல். ஒரு தடவை பக்கத்துக் கடையில் வரியோடு ஒன்று வாங்கிவிடலாம் என்று காசுகூடச் சேர்த்திருந்தாள். "அவசரப்படாத, அடுத்த தவணையில முடிஞ்சிடும்" என்று தடுத்த புண்ணியவான் வடிவேல்தான்.

1963 ஆடியில் தீர்ப்பு வந்தது. கம்பளி ஆடம்பரமில்லையாம், வரி தப்பாம். எட்டு வருஷம் யோசித்துக் கண்டுபிடித்தார்கள். பூச்சி தின்றது போக மிஞ்சியதில் நல்லதாக ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் வடிவேல் வட்டவளை லயத்துக்கு ஓடினார்.

மீனம்மா ஒரு தகரப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டோம் மீனம்மா! காசே வேணாம், இந்தா!"

அவள் கம்பளியைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. ஆனா எங்களுக்கு இந்தியாப் பாஸ்போர்ட்டு வந்திருச்சு. இங்க இருக்கவிட்ட தவணையும் முடிஞ்சு போச்சாம். நாளைக்குத் தலைமன்னார் ரயிலு. நாங்க போற ராம்நாட்டுப் பக்கம் மழையே பெய்யாதாமுங்களே."

சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் வடிவேலுக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டு மழையையும் அவள் நனைந்தே கழித்தது தன் வீம்பினால்தானே என்று வெட்கமாக இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை.

"பரவால்லைங்க, கொண்டுபோறேன். குளிருக்காச்சும் ஆகும்" என்றாள். பிறகு தயங்கி, "அந்தக் கரையில எறங்குறப்ப இதுக்கு வரி கேப்பாங்களாங்க?" என்றாள்.

வடிவேல் சட்டைப்பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட நோட்டுகளையெல்லாம் அள்ளி அவள் கையில் திணித்தார்.

"கேட்டா கட்டிடு தாயி. எவ்வளவு கேட்டாலும் கட்டிடு. கேஸ் மட்டும் போட்டுடாத."