ஏழாவது நெரை

புளத்கொகுபிட்டியவிலிருந்து பெல்மதுளைக்குப் போக மூன்று பஸ் ஏற வேண்டும். முதலாவதில் நின்றுகொண்டு, இரண்டாவதில் நசுங்கிக்கொண்டு, மூன்றாவதில் கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று அதட்ட அதட்ட முன்னால் நகர்ந்து, டிரைவர் மடியில் உட்காராத குறையாக ஜீவராணி வந்து சேர்ந்தாள். தோளில் ஒரு பை நிறைய கார்மெண்ட் வெட்டுத்துணி. கழுத்தில் தொண்டு நிறுவனத்தின் அட்டை. அதில் அவள் பெயருக்குக் கீழே 'பயிற்றுநர்' என்றும், அதற்கும் கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி 'தற்காலிகம்' என்றும் போட்டிருந்தது. இரண்டு வருஷமாக யாரிடம் அட்டையைக் காட்டினாலும் அந்தச் சின்ன எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் காட்டினாள்.

அவளும் தேயிலைத் தோட்டத்துக்காரிதான். ஆறு வருஷம் கொழுந்து பறித்தவள். அட்டைப்பூச்சிக் கடியும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும், மழையில் கங்காணி போடுகிற சத்தமும் இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று நினைத்திருந்தாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தெரிந்ததால் தப்பித்து, தோட்டம் தோட்டமாகப் போய் அதைச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்திருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் அவளுடைய மேலதிகாரி ஆதிலா மிஸ் கொழும்பிலிருந்து ஃபோன் பண்ணினார்.

"ஜீவராணி, மூணாவது நாள் நானே வாறேன். அந்தப் போர்வையப் பாத்துத்தான் ஒங்கள பேர்மனண்ட் ஆக்குறதா இல்லையான்னு முடிவு. சரியா?"

சரி என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா லீவு. சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் பயிற்சி. தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் குழந்தைகளின் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பதின்மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். "ஒட்டுப் போர்வ தைக்கப் படிச்சுக் குடுக்க ஆள் அனுப்பியிருக்காங்களா? எங்க வூட்டு எலிக்கே அது தெரியும்!" என்று தர்மிளா என்கிற சின்னப் பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராணியும் சிரித்தாள். இந்த மாதிரி வாய் அவளுடைய ஊரிலும் உண்டு. தைப்பவர்கள் தைப்பவர்களைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் சொந்தமாகிவிடுவார்கள். மதியத்துக்குள் யார் ஊசியை எப்படிப் பிடிக்கிறாள், யார் நூலைப் பல்லால் கடிக்கிறாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வெட்டுத்துணிகளைச் சேர்த்து மேல்துணி தயாரானதும், நடுவில் பழைய கம்பளியும் அடியில் பழைய சேலையும் வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்ட வேண்டும். ஜீவராணி சோக்கால் கோடு போட்டு போர்வையைப் பதின்மூன்று பட்டையாகப் பிரித்தாள். பட்டைக்கு மூன்று வரி ஓட்டுத் தையல். கோடு விழுந்ததுதான் தாமதம், "நெரை புடிங்கடி!" என்று தர்மிளா கத்தினாள். மலையில் காலையில் இடம் பிடிப்பது போலவே ஆளுக்கொரு பட்டையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு நெரை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து மலையில் ஆளுக்கொரு வரிசை. அந்த வரிசை அன்றைக்கு அவளுடையது. பின்தங்கினாலும் அவளுடையதுதான். "வாங்கடி" என்று அவள் கூப்பிட்டால் பக்கத்து நெரைக்காரி போய்க் கை கொடுக்கலாம். கூப்பிடாமல் கை வைத்தால் அது திருட்டு. அதற்காக முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டவர்களை ஜீவராணி சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை அவளே உருண்டிருக்கிறாள்.

ஏழாவது நெரையில் அழகம்மா என்பவள் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இடது கையால்தான் ஊசி பிடித்தாள்.

"அக்கா, நீங்க ஓரத்து நெரைய எடுத்துக்குங்களேன், லேசா இருக்கும்" என்றாள் ஜீவராணி.

"ஓரம் வேணாம் ராணி. இதுவே இருக்கட்டும்" என்றாள் அழகம்மா.

பயிற்சி நடக்கும் மூன்று நாளும் ஜீவராணிக்குத் தங்க இடம் கொடுத்தவளும் அழகம்மாதான். லயத்து வீட்டில் இருக்கிற ஒரே கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுத் தான் கீழே படுத்தாள். சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துவிட்டு, விரல் போன கதையைச் சொன்னாள். கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஒரு கையாலேயே பறிக்கலாம் என்று மலைக்குப் போனாளாம்.

"மெதுவாத்தான் பறிச்சேன். இல்லேங்கல. அன்னைக்குன்னு பெரிய தொரை வர்றாருன்னு கங்காணிக்குத் தகவல். என்னைய ஒரு வார்த்த கேக்கல ராணி. நான் அங்கயே நிக்கிறேன், ரெண்டு பேர என் நெரையில எறக்கி விட்டாரு. 'தொரை வர்ற நேரம் ஒரு நெரை மட்டும் பின்னாடி நிக்கலாமா'ன்னாரு. அப்புறம் ஆபீஸ்ல போயி, 'இவளுக்கு வேலையில அக்கற இல்ல'ன்னு சொல்லிட்டாரு. அதோட செக்ரோல்ல இருந்து என் பேரு போச்சு, வேலையும் போச்சு."

"நானா இருந்தா கூடையத் தூக்கி அந்தாளு மொகத்துலயே எறிஞ்சிருப்பேன்" என்றாள் ஜீவராணி. வாய் நிறைய ரொட்டியோடு, மனசாரத்தான் சொன்னாள்.

"வெரலு போனதுகூட எனக்குப் பெருசில்ல. நான் நிக்கையிலேயே கை வச்சாங்க பாரு, அதுதான்" என்று சொல்லிவிட்டு அழகம்மா இன்னொரு ரொட்டியை அவள் தட்டில் போட்டாள்.

ஆனால் படுத்தபின் ஜீவராணியின் கண்ணுக்குள் வந்து நின்றது அந்தக் கங்காணி அல்ல. ஏழாவது நெரைதான். ஒவ்வொரு நெரையிலும் இரண்டு ஓட்டு முடிந்து ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு நெரை அச்சடித்த மாதிரி இருந்தது. நட்ட நடுவில் அந்த ஒன்று மட்டும் ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, கோட்டை விட்டு இறங்கி, மறுபடி ஏறி, குடித்துவிட்டு வருகிறவன் நடை மாதிரி இருந்தது. நிறுவனத்துக்காரர்கள் முதலில் பார்ப்பதே நடுவைத்தான். ஆறு வருஷத்து மழை அவள் முதுகில் மறுபடி இறங்கியது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, "காம்பராவக் கூட்டி வைக்கணும் அக்கா, முன்னால போறேன்" என்று கிளம்பினாள். "போ, நான் ரொட்டி சுட்டுக் கட்டிட்டு வாறேன். ஒனக்குப் பஸ்ஸுல பசிக்கும்" என்றாள் அழகம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

கதவைச் சாத்திக்கொண்டு ஜீவராணி ஏழாவது நெரையைப் பிரித்தாள். தையல் பெரிசு பெரிசாக இருந்ததால் நூல் இழுத்த இழுப்புக்கு வந்தது. தான் செய்வது என்னவென்று தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காகப் பரிந்து பேச வேண்டாம். நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் தையல் கோணவில்லை. ஒன்பது மணிக்குள் இரண்டு வரியையும் தைத்து முடித்து, பிரித்த நூலை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, நிஜமாகவே காம்பராவைக் கூட்டினாள்.

பெண்கள் வந்தார்கள். போர்வையைப் பார்த்தார்கள். அடுத்தவள் தையல் எப்படியிருக்கும் என்று அறிந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? தர்மிளாகூட நிமிராமல் தன் ஊசியில் நூல் கோத்தாள். கடைசியாக அழகம்மா, ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, மடங்காத விரலால் நெரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஆதிலா மிஸ்ஸின் வேன் வந்தது. மிஸ் நல்லவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார். போர்வையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்.

"ஹரிம லஸ்ஸனாய், ரொம்ப அழகு! இந்த நடு வரிசை எவ்வளவு நேர்த்தி! இது யார் தைச்சது?"

ஜீவராணி தரையைப் பார்த்தாள். அழகம்மா தன்னுடையது என்று சொல்லிவிடமாட்டாளா என்று அந்த நேரத்திலும் ஆசைப்பட்டாள்.

"அது டீச்சர் தைச்சது மிஸ்" என்றாள் அழகம்மா.

"டீச்சர் கைன்னா சும்மாவா!" என்று மிஸ் சிரித்தார். போகும்போது வாசலில் வைத்து ஜீவராணியின் தோளைத் தட்டினார். "அடுத்த மாசத்துல இருந்து கேகாலை, இரத்தினபுரி ரெண்டு மாவட்டத்துக்கும் நீங்கதான். லெட்டர் வரும்."

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வேனின் புழுதி அடங்கும்வரை ஜீவராணி வாசலிலேயே நின்றாள். உள்ளே போகப் பயமாக இருந்தது.

உள்ளே பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு ஊசி அவரவர் நெரையில் பாதியில் குத்தி நின்றது. அழகம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா... மிஸ் வர்ற நேரம், நடு நெரை அப்புடி இருந்தா..." என்று ஜீவராணி ஆரம்பித்தாள்.

"கங்காணியும் இதத்தான் சொன்னாரு."

"ஒங்க கை வலிக்குமேன்னுதான்க்கா..."

"நான் கூப்புட்டேனா?"

அழகம்மா எழுந்தாள். தன் ஊசியை ஏழாவது நெரையில் குத்தி வைத்தாள்.

"மிச்சத்தையும் நீங்களே தைச்சிருங்க டீச்சர். பதிமூணு நெரையும் ஒங்களோடதுதான்." ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவள் பையின் மேல் வைத்தாள். "கொண்டு போங்க. பஸ்ஸுல பசிக்கும்."

நேற்றுவரை ராணி. நீ, வா, போ. இப்போது டீச்சர், நீங்க. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட ஜீவராணிக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். லயத்துப் பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவர்கள் பேசுகிற சத்தமே கேட்டது.

மூன்று பஸ்ஸிலும் அவள் அந்த ரொட்டியைத் தொடவில்லை. வீட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்து, ஒருத்தியாகப் பதின்மூன்று நெரையிலும் மூன்றாவது வரியைத் தைத்து முடித்தாள். சீரான தையல். எங்கே அவர்கள் விட்டார்கள், எங்கே இவள் தொடங்கினாள் என்று கொழும்பில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

லெட்டர் வந்தது. புது அட்டை வந்தது. அதில் சின்ன எழுத்து எதுவும் இல்லை. அட்டையோடு வரக்காப்பொலயில் முதல் பயிற்சி. கோடு போட்டதும் ஒருத்தி, "நெரை எப்புடி டீச்சர் பிரிக்கிறது?" என்று கேட்டாள். "நெரையெல்லாம் இங்க இல்ல. எல்லாரும் எல்லாத்தையும் தைக்கலாம்" என்று ஜீவராணி வெடுக்கென்று சொன்னாள். கேட்டவள் முகம் சுருங்கிப் போனது.

அன்று மத்தியானம் ஆதிலா மிஸ் ஃபோன் பண்ணினார்.

"ஜீவராணி, பெல்மதுளைப் பக்கம் இரண்டாவது பயிற்சிக்கு ஒருத்தர்கூட பேர் குடுக்கல்லியே. எவ்வளவு நல்லா தைச்சாங்க! அங்க என்ன பிரச்சினை? அந்தத் தோட்டத்தை லிஸ்ட்ல இருந்து எடுக்கிறதா, வைக்கிறதான்னு இப்ப சொல்லணும்."

உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஜீவராணி கழுத்து அட்டையை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். "அவங்களுக்கு வேலையில அக்கற இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பது அவளுக்கு உறைத்தது. ஃபோன் இன்னும் காதில்தான் இருந்தது. மறுமுனையில் மிஸ் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது.

"சரி, அப்ப எடுத்துருவோம்" என்றார் மிஸ்.

"சரி மிஸ்" என்றாள் ஜீவராணி.