கொடியசைத்து வைத்த புளி

கண்டெய்னரின் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் ஏற்றுமதி சீல் மாட்டி அழுத்தியபோது வந்த அந்தச் சின்ன 'டக்' சத்தம், நிர்மலாவுக்குத் தன் கல்யாணத்தில் கேட்ட கெட்டிமேளத்தைவிட நிம்மதியாக இருந்தது. இண்டூர் தாண்டிப் பென்னாகரம் போகிற வழியில் இருக்கும் அவளுடைய புளி ஷெட்டிலிருந்து முதன்முதலாக ஒரு சரக்கு கடல் தாண்டப் போகிறது. கொட்டை தட்டி, நார் உரித்து, குளிர்கிடங்கில் வைத்து நிறம் மங்காமல் காப்பாற்றிய புளி. சார்ஜாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் கேட்டிருந்தார். நோன்பு மாதத்தில் அங்கே புளிக்கரைசலில் சர்க்கரை போட்டுக் குடிப்பார்களாம். நோன்புக்கு முன்னால் வந்தால் வருஷா வருஷம் உங்களிடமே வாங்குகிறேன், பிந்தினால் எனக்கு வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் போய்ச் சேர ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அதைப் பிடிக்க வண்டி வெள்ளிக்கிழமையே சென்னைக்குக் கிளம்பியாக வேண்டும்.

கிளம்பியிருக்கும், 'எல்லை தாண்டும் கரங்கள்' என்று ஒரு திட்டம் இல்லாமல் இருந்திருந்தால்.

வளரும் நாடுகளின் சிறுதொழில்களைக் கைதூக்கி உலகச் சந்தையில் ஏற்றிவிடுவது அந்தத் திட்டத்தின் லட்சியம். பேனரிலேயே போட்டிருக்கும். ஏற்றிவிடுவதற்காக அவர்கள் நிர்மலாவுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. சேலத்தில் ஏசி ஹாலில் ஒரு பயிற்சி. வெளிநாட்டு வியாபாரியிடம் எப்படிக் கை குலுக்குவது, எவ்வளவு பல் தெரியச் சிரிப்பது என்பதற்கே அரை நாள் போனது. ஓசூரில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தோள்பை. ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் இப்போது 'உலகம் உங்கள் சந்தை' என்று எழுதிய பையில்தான் சோற்றுத் தூக்கு கொண்டு வருகிறார்கள். சார்ஜாக்காரரைப் பிடித்துக் கொடுத்தது மட்டும் திட்டமில்லை, அந்தக் கடையில் மூட்டை தூக்குகிற அவள் நாத்தனார் மகன்.

ஆனால் நியாயத்தைச் சொன்னால், காகிதங்களுக்காக அலைந்தது திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளன் கலைவாணன்தான். சீலின் அருமையைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். "இந்த சீல் நம்பர் கஸ்டம்ஸ் வரைக்கும் போயிருச்சுங்க மேடம். இனி ஹார்பர் போற வரைக்கும் கடவுளே வந்தாலும் தொறக்கக் கூடாது."

கடவுள் வரவில்லை. திட்டத்தின் தலைவர் வந்தார்.

கொடியசைத்து வழியனுப்பும் விழாவுக்கு முந்தின நாள்தான் வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்தது. தலைவர் படம் பெரிதாக, புளி படம் சின்னதாக, நிர்மலாவின் பெயர் அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே. வெள்ளிக்கிழமை பத்தரை மணி என்று போட்டிருந்தது. அது ராகுகாலம், அந்த நேரத்தில் வண்டியை நகர்த்த மாட்டேன் என்று டிரைவர் மாதேஸ்வரன் முறைத்துக்கொண்டான். அந்தச் சிக்கலைத் தலைவரே தீர்த்துவைத்தார். ராகுகாலம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவருடைய கார் வந்தது.

சால்வைகள் விழுந்தன. தலைவர் கண்டெய்னரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, கடைசிப் பெட்டியைத் தன் கையாலேயே ஏற்ற ஆசைப்படுவதாகச் சொன்னார். கடைசிப் பெட்டி நேற்றே உள்ளே போய்விட்டதையும் சீல் போட்டாகிவிட்டதையும் கலைவாணன் மென்று விழுங்கிச் சொன்னான். ஒரு பெட்டியை இறக்கி ஏற்றுவதில் உலக வர்த்தகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது என்று தலைவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவர் நிர்மலாவின் பக்கம் திரும்பி, "என்னம்மா, உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்.

நிர்மலா வாயில்லாப் பூச்சி இல்லை. லாரி புரோக்கர்கள் அவளிடம் போன் பேசும்போது காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் வாசல் தேடி வந்தவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால்கூட உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, கலந்துகிட்டுச் சொல்றங்க என்பார்கள். அப்புறம் சொல்லவே மாட்டார்கள். அதற்கு நாள் வேண்டும். இங்கே தலைவர் பெட்டிக்காகக் கையை நீட்டியபடி நின்றார். மூன்று கேமராக்கள் அவள் வாயையே பார்த்தன.

"ஆவட்டுங்க," என்றாள். சொன்ன குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

சீல் அறுக்கப் பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் வந்தது. மாதேஸ்வரன் அவள் அருகில் வந்து, "அக்கா, நெசமாத்தான் சொல்றியா?" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் பொறி பறந்தது. பெட்டி இறங்கியது, ஏறியது. வெளிச்சம் சரியில்லை என்றார் போட்டோக்காரர். மறுபடி இறங்கியது, ஏறியது. சால்வை சரிந்திருந்ததால் இன்னொரு முறை.

கொட்டை தட்டும் ராமக்காள் தலையில் போட்டிருந்த துண்டை உதறினாள். "ஏம்மா நிர்மலா, அந்தாளு நல்லாத்தான் ஏத்தி எறக்குறாரு. நாளைக்கும் வரச்சொல்லு. நமக்கு லோடுக்கு ஆளு பத்தல."

பச்சைக் கொடி அசைந்தது. வீடியோவுக்காக வண்டி நகர்ந்தாக வேண்டும் என்பதால் மாதேஸ்வரன் நகர்த்தினான். வளைவு தாண்டி, பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டான். சீல் இல்லாத கண்டெய்னரை அதற்குமேல் எங்கே கொண்டுபோவது? ஷெட்டில் தலைவர் மைக்கைப் பிடித்து, நமது புளி இந்நேரம் அலைகளை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது என்று ஆரம்பித்திருந்தார். நிர்மலா கூட்டத்தை விட்டு எழுந்து ரோட்டில் நடந்தாள். கலைவாணன் பின்னாலேயே ஓடி வந்தான்.

அவன் சென்னையிலிருக்கும் கப்பல் ஏஜெண்டிடம் பேசி முடிக்கும்வரை அவள் வண்டி நிழலில் நின்றாள். புது சீல் சேலத்திலிருந்து வர வேண்டும். புது நம்பருக்குக் காகிதமெல்லாம் மாற்ற வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு.

"கப்பலு கெடைக்குமா?"

"ட்ரை பண்றேன்னு சொல்றாருங்க." போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே, "நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா மேடம்," என்றான்.

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"திட்டத்த நீட்டிக்கணும்னா அவரு கையெழுத்துப் போடணுங்க."

அவனுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளுக்குத் திட்டவும் வரவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை. சார்ஜாவிலிருந்து நாத்தனார் மகன் 'வண்டி கெளம்பிருச்சா அத்த' என்று அனுப்பியிருந்தான். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பின்னால் ஹாரன் அடித்தது. கண்டெய்னரின் பின்பக்கம் பாதி ரோட்டை அடைத்திருந்ததால் தலைவருடைய கார் போக வழியில்லாமல் நின்றது. கார் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரோடு உங்கப்பன் வூட்டுதா என்று மாதேஸ்வரனைக் கேட்டான். மாதேஸ்வரன் பீடியை எறியாமல் ஏறி, வண்டியை ஓரம் கட்டினான். கார் அவளை உரசினாற்போல் மெதுவாகக் கடந்தது. பின்சீட்டில் தலைவர் தலை நிமிரவில்லை. மடியில் போன். அதில் கண்டெய்னரின் படம். அதை இரண்டு விரலால் விரித்து விரித்துத் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.