ஒச்சம்மாளுக்கு ஒரு சீட்டு

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒருத்திக்கு ஒச்சம்மாள் என்று பாட்டி காலத்துப் பெயர் இருந்தால் என்ன ஆகும்? கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் பதிலுக்குத் திட்டுவேன். அதனால் எனக்காக யாரும் பஸ்ஸில் இடம் பிடிப்பதில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் திருச்சுழி பஸ் திரும்பும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாக என் பையைச் சீட்டில் எறிவேன். பை விழுந்துவிட்டால் அந்த இடம் நமக்கு.

அன்று எறிந்த பை அதே வேகத்தில் வெளியே வந்து விழுந்தது. உள்ளே நின்றவன் எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இர்ஃபான். துபாயில் வளர்ந்தவன். எல்லோரையும் ‘நீங்க’ என்பான். அதற்காகவே பையன்கள் அவனைச் சேர்ப்பதில்லை.

“உங்க பை தவறி உள்ள விழுந்துருச்சு” என்றான்.

“ஏலே, கூறுகெட்டவனே! அது எடம் புடிக்கப் போட்டது!”

அவன் பதறி இறங்கினான். பாளையம்பட்டி பஸ் என்று நினைத்து ஏறியிருக்கிறான். நான் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் நான் ஓடிவருவதற்குள் ஜன்னலோரச் சீட்டில் ஒரு பை கிடந்தது. கீழே இர்ஃபான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

“உங்களுக்குத்தான். போய் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. அவன் கையாட்டிக்கொண்டே நிற்கிறான், அவன் பை என் மடியில் இருக்கிறது.

“ஏலே, பையி!” என்று ஜன்னல் வழியாக எறிந்தேன். நெஞ்சில் வாங்கிக்கொண்டு சிரித்தான்.

“நாளைக்கும் போடவா?”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“போடுங்க!”