பட்டாணியின் எடை

பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டை நிறுக்கும் தராசு மேடையின் முன்னால், பட்டாணி நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நின்றது. மேசை உயரம்கூட இல்லாத குட்டைக் குதிரை. கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சில நாளாகப் புல்லைத் தொடவில்லை. பல்லைப் பிடுங்க மயக்க ஊசி போட வேண்டும். ஊசிக்கு எடை தெரிய வேண்டும்.

கால்நடை மருத்துவர் அதன் மார்பைச் சுற்றி எடை காட்டும் நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார். “இது பெரிய குதிரைக்கான நாடா. இந்தப் பொடிசுக்குச் சரியா காட்டாது. மருந்து கூடிப்போச்சுன்னா எந்திரிக்காது.”

பேக்கரிக்காரர் இழுத்தார், மனைவி பின்னாலிருந்து தள்ளினார். பட்டாணி அசையவில்லை. பேக்கரிக்காரர் மேடையில் ஏறியதும் வாலை ஆட்டிக்கொண்டு தானும் ஏறியது. அவர் இறங்கினார், அதுவும் இறங்கியது.

“சரி, ரெண்டு பேருமே நில்லுங்க. உங்க எடையைக் கழிச்சுக்கலாம்.”

மேடை நூற்று எழுபத்தெட்டு காட்டியது. “நீங்க எவ்வளவு சார்?”

பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவி முந்திக்கொண்டார்: “எழுபத்துநாலு, டாக்டர். வீட்டு மெஷின்ல வாராவாரம் நான்தானே ஏத்திப் பாக்கிறேன்! பன்னைத் தொடவே விடுறதில்ல.”

“அப்போ குதிரை நூத்திநாலு.” மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினார்.

பட்டாணி வீங்கிய கன்னத்தை எஜமானரின் தொப்பையில் சாய்த்தது.

“நில்லுங்க டாக்டர்! எண்பத்தெட்டு!”

“குதிரையா?”

“நான்.”

மனைவி இடுப்பில் கைவைத்தார். “மெஷின் பொய் சொல்லுமா?”

“அடியில ஒரு திருகாணி இருக்கு. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா…”

“அடப்பாவி மனுஷா! மாவை கிராம் சுத்தமா நிறுக்கிற ஆளு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டீங்களே!”

மருத்துவர் பட்டாணியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

“ஏங்க, அதே மெஷின்லதானே நானும் ஏறுறேன்?”

பேக்கரிக்காரர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

“நடந்து நடந்தே இளைச்சிட்டேன்னு எங்கக்காகிட்ட மார்தட்டிட்டு வந்தேனே!”

“மேடை இங்கதான் இருக்கு. வேணும்னா நீங்களும்…” என்றார் மருத்துவர்.

“நீங்க முதல்ல குதிரையைப் பாருங்க!”

எதற்கும் இருக்கட்டுமென்று, மனைவி பட்டாணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, பேக்கரிக்காரரைத் தனியாக ஏற்றினார்கள். எண்பத்தொன்பது.

“காலையில ரெண்டு பன்,” என்றார் சின்னக் குரலில்.

மருத்துவர் எண்பத்தொன்பதைக் கழித்து, அந்த அளவுக்கு மருந்து ஏற்றினார்.

பல் போய்ப் பட்டாணி கண் விழித்தபோது, கணவனும் மனைவியும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஆளுக்கொரு பன் தின்றுகொண்டிருந்தார்கள். அது தள்ளாடி எழுந்துவந்து, மனைவி கையிலிருந்த பன்னை மோந்து பார்த்தது.