மரப்பு அறையில் சம்பந்திகள்

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து பாங் மிசூனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மருமகளாக வரப்போகிற யூரியைப் பார்த்து அல்ல. யூரி நல்ல பெண், கொஞ்சம் வாயாடி, அவ்வளவுதான். எரிந்ததெல்லாம் யூரியின் அம்மா யொங்ரானைப் பார்த்து.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஐம்பத்தெட்டு. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதுதான் தொல்லை. இரு குடும்பமும் முறைப்படி உட்கார்ந்து சாப்பிட்ட அன்று எடுத்த படத்தை, மிசூன் தன் தரகு அலுவலகத்துக்குப் பக்கத்துச் சலூன்காரியிடம் காட்டினாள். அவள் யொங்ரானைத் தொட்டு, "இது யாரு, பொண்ணோட அக்காவா?" என்று கேட்டாள். மிசூன் அதற்குப் பிறகு அந்தச் சலூனில் முடி வெட்டிக்கொள்வதை விட்டுவிட்டாள்.

அந்தச் சாப்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பூசான் நகரத்திலேயே நல்ல பெயர் உள்ள உணவகம், தனி அறை, தட்டுத் தட்டாகச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. வறுத்த மீன் வந்தபோது மிசூனின் மகன் மின்சொக் குச்சிகளால் முள்ளைப் பக்குவமாக எடுத்து, வெள்ளைச் சதையை யொங்ரானின் சோற்றின்மேல் வைத்தான். "சாப்பிடுங்கம்மா" என்றான். அத்தை என்று கூப்பிட்டிருக்கலாம். அம்மா என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

மிசூனின் புருஷன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில்தான். பிள்ளையைத் தனியாளாக வளர்த்தவள் அவள். மீனில் முள் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். சொல்லிக்கொடுத்த வித்தையை அவள் கண் முன்னாலேயே இன்னொருத்திக்குக் காட்டுகிறான். அவளுடைய சோற்றின்மேல் ஒன்றும் விழவில்லை. தன் மீனைத் தானே முள் எடுத்துச் சாப்பிட்டாள், ருசியே தெரியவில்லை.

கல்யாணத்தன்று இரண்டு அம்மாக்களும் சேர்ந்து மேடைக்கு நடந்துபோய் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீல நிறத்தில் ஹான்போக் என்கிற பாரம்பரிய உடை, பெண்ணின் அம்மாவுக்கு ரோஜா நிறம். மணமக்களே அதற்கப்புறம்தான் வருவார்கள். அதுவரை மண்டபத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் இந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் யூரி வாயை விட்டாள். ஹான்போக் அளவு கொடுக்கப் போயிருந்தார்கள். தையல்காரி ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது, "எங்க அம்மாவை அவருதான் ஸ்கின் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாரு அத்தை. ஸொம்யொன்ல இருக்கே, அந்தப் பெரிய கட்டடம், அங்க" என்றாள்.

"யாரு, மின்சொக்கா?"

"ஆமா. அவரே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனாரு."

பிள்ளைகள் பெற்றவர்களுக்கு முகச்சிகிச்சை செய்துவிடுவது இப்போது ஊர் வழக்கம். பெற்றோர் தினத்துக்கு ஒரு கார்னேஷன் பூவோடு கிளினிக் கூப்பனும் சேர்த்துக் கொடுக்கிற பிள்ளைகள் உண்டு. மிசூனுக்குப் பூ மட்டும்தான் வந்தது. கூப்பன் எந்த வீட்டுக்குப் போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. தையல்காரி, "மூச்சை இழுக்காதீங்க மேடம், அளவு மாறுது" என்றாள்.

மறுநாளே அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் செய்துகொண்டால்தான் வீக்கமும் கன்றலும் வடிந்து முகம் தெளியும் என்று சொல்லி, வரும் சனிக்கிழமையைக் கொடுத்தார்கள். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு அம்மாக்கள் என்றால், இரண்டு பேருக்கும் அதே வாரத்தைத்தான் சொல்வார்கள் என்பது மிசூனுக்குத் தோன்றவில்லை. பொறாமைக்கு அவ்வளவு தூரம் கணக்குப் போடத் தெரியாது.

சனிக்கிழமை ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு விதம் சொன்னாள். சின்னது தோலை லேசாக இறுக்கும். பெரியது தாடையையே தூக்கி நிறுத்தும், ஆனால் வலி அதிகம்.

"இருக்கறதிலேயே பெரிசு" என்றாள் மிசூன்.

"அப்ப மரப்பு கிரீமை நல்லா ஊறவிடணும் மேடம். அரைமணிக்குமேல உக்கார வேண்டியிருக்கும்."

"உக்கார்றேன்."

தலைமுடியைப் பட்டையால் தூக்கிக் கட்டினார்கள். பழுப்பு நிற மேலங்கி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். நர்ஸ் வெள்ளைக் கிரீமைத் தடிப்பாக அப்பி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் வழி விட்டாள். "உதட்டை நக்காதீங்க, நாக்கும் மரத்துப்போயிடும்" என்று சொல்லி மரப்பு அறைக்குக் கூட்டிப்போனாள்.

மங்கலான விளக்கில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஏழெட்டுப் பெண்கள் வெள்ளை முகத்தோடு சாய்ந்திருந்தார்கள். யார் வக்கீல், யார் மீன் கடைக்காரி, யாருக்கு எத்தனை வயது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்போல் இருந்தார்கள். மிசூனுக்கு அந்த அறை பிடித்திருந்தது. ஊர் முழுக்க இப்படியே இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

கன்னம் முதலில் ஜில்லென்றது, பிறகு கனத்தது. உதடுகள் தன்னுடையவை இல்லை என்று தோன்ற ஆரம்பித்த நேரத்தில் கதவு திறந்து இன்னும் இரண்டு வெள்ளை முகங்கள் உள்ளே வந்தன. ஒன்று மிசூனின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தது, இன்னொன்று அதற்கு அடுத்ததில்.

"அக்கா, வந்ததே வந்தாச்சு. பெரிசையே பண்ணிக்கயேன்" என்றது அடுத்த நாற்காலி.

"சும்மா இருடி" என்றது பக்கத்து நாற்காலி. கொஞ்சம் மூக்கால் பேசுகிற அந்தக் குரலை மிசூன் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பாள். யொங்ரான். கூட வந்திருப்பது அவள் தங்கை, அன்றைக்குச் சாப்பாட்டுக்கும் வந்திருந்தவள். மிசூன் கண்களை இறுக மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஒரே பொண்ணு கல்யாணம். இப்ப பண்ணிக்காம எப்ப பண்ணிக்கப் போற?" என்றாள் தங்கை.

"மாப்பிள்ளைகிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

"என்ன வாக்கு?"

"அன்னிக்கு லீவு போட்டு இங்க ஆலோசனைக்குக் கூட்டிட்டு வந்தாரே, எதுக்குன்னு நினைச்ச? நான் பெரிசு பண்ணிக்கப் போறேன்னு யூரி அவர்கிட்ட சொல்லிட்டா. வழியெல்லாம் சுத்தி வளைச்சுப் பேசினாரு. கடைசியில வண்டிய நிறுத்திட்டு, 'அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, கல்யாணம் முடியறவரைக்கும் சின்னதோட நிறுத்திக்கங்க, அப்புறம் பெரிசை நானே பண்ணிவிடறேன்'னாரு."

"ஏனாம்? பொண்ணோட அம்மா அழகா இருந்தா அவருக்கு என்ன?"

"அவங்க அம்மாவுக்காக. 'எங்க அம்மா பொறாமைக்காரி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. மேடையில உங்க பக்கத்துல நின்னாலே வெந்துபோவாங்க, இன்னும் ஏத்திவிட வேண்டாம்'னு கெஞ்சறாரு."

தங்கை பிளாஸ்டிக் தாள் சலசலக்கச் சிரித்தாள். "அந்த அம்மாவா? சாப்பாட்டுல தொண்டையில முள்ளு சிக்கின மாதிரியே உக்காந்திருந்துச்சே."

"சிரிக்காதடி. பாவம் அவங்க."

மிசூன் எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். யொங்ரான் திட்டியிருக்கலாம், ஏளனம் செய்திருக்கலாம், அதற்குப் பதிலடி மிசூனிடம் எப்போதும் தயாராக இருக்கும். பாவம் என்ற சொல்லுக்கு அவளிடம் எதுவும் இல்லை. மெல்ல எழுந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தாள்.

அப்போது கதவு திறந்தது. "பாங் மிசூன் மேடம்" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த பாதம் நின்றுவிட்டது.

"பாங் மிசூன் மேடம் இங்க இல்லையா?" நர்ஸ் ஒவ்வொரு வெள்ளை முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நேரம் ஆயிடுச்சு மேடம், கிரீமை ரொம்ப ஊறவிடக் கூடாது, தலை சுத்தும்."

மிசூன் தூங்குகிறவள்போல் கிடந்தாள். இவர்கள் இரண்டு பேரும் போகும்வரை இப்படியே கிடந்துவிடலாம், தலை சுற்றினால் சுற்றட்டும் என்று இருந்தாள். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாயார் என்று அச்சடித்த பெயர் அது. யொங்ரான் அதை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பாள்.

"சம்பந்தியம்மா?" என்று மிக மெதுவாகக் கேட்டது மூக்குக் குரல்.

மிசூன் கண்ணைத் திறந்தாள். தங்கைக்காரி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்த நிமிஷம் ஆழ்ந்த தூக்கம் வந்துவிட்டது.

"என்னை யாரும் பாவம் பார்க்க வேண்டாம்" என்றாள் மிசூன். மரத்த உதடு ஒத்துழைக்காமல் எச்சில் ஒழுகியது. நர்ஸ் ஓடிவந்து துடைத்துவிட்டாள். அதற்கும் சேர்த்து மிசூனுக்குக் கோபம் வந்தது. "நீங்க பெரிசாவே பண்ணிக்கங்க. உங்க பிச்சை எனக்கு வேண்டாம்."

"தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளை உங்க மேல இருக்கற பாசத்துலதான்..."

"பாசம் இருந்தா என்கிட்டதானே சொல்லியிருக்கணும். நீ பொறாமைக்காரின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். அவங்க அப்பா கப்பல்ல போனதுலேருந்து நானும் அவனும்தான் வீட்ல. ஒரு நாள் இப்படி மனசு விட்டுப் பேசினதில்ல. வந்தா சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், தூங்குவான். உங்களைத் தெரிஞ்சு நாலு மாசம் இருக்குமா? வண்டிய ஓரமா நிறுத்தி உங்ககிட்ட கொட்டியிருக்கான்." அவள் மூச்சு வாங்கினாள். "உங்க தோலு எக்கேடோ கெடட்டும். இதுக்குத்தான் எனக்கு இப்ப நிஜமா வயிறு எரியுது."

வக்கீலும் மீன் கடைக்காரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யொங்ரான் கூரையைப் பார்த்தபடியே, "எனக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது சம்பந்தி" என்றாள். "அவர் அம்மான்னு கூப்பிட்டதும் நான் ஆடிப்போயிட்டேன். சின்னதுன்னு இல்ல, ஒண்ணுமே பண்ணிக்காதீங்கன்னு கேட்டிருந்தாக்கூட சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். மிசூனுக்கு அது இன்னொரு முள்ளாகத்தான் இறங்கியது.

"ஆனா இப்ப நீங்களே சொல்றீங்க" என்றாள் யொங்ரான், நிமிர்ந்து உட்கார்ந்து. "மாத்தணும்னா இப்பவே சொல்லணும். பெரிசே பண்ணிக்கட்டுமா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நேராகத்தான் கேட்டாள். நர்ஸ்கூட இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாராளமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிசூன் தலைநிமிர்ந்து அந்த அறையை விட்டுப் போகலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நீலமும் ரோஜா நிறமும் கண் முன்னால் வந்து நின்றன.

"வேண்டாம்" என்றாள். "நீங்க சின்னதே பண்ணிக்கங்க."

யொங்ரானின் முகத்துத் தாள் மெல்ல நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள். தூங்குகிற தங்கையின் தாளும் நடுங்கியது.

மிசூன் எழுந்து நர்ஸின் பின்னால் நடந்தாள். கதவருகில் நின்று திரும்பினாள். "இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள் யொங்ரான்.

சொல்லுவாள் என்று மிசூனுக்குத் தெரியும். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுவாள். அவனும், எங்க அம்மா அப்படித்தான் என்பான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள், அம்மாவும் பிள்ளையுமாக.