மேனேஜர் மூட்டை தூக்குறதில்லை

கொளஞ்சியப்பன் முந்திரி முதலாளிக்குத் தர வேண்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய். கூரை மாற்ற வாங்கிய அட்வான்ஸ். அதை அடைக்காமல் காடாம்புலியூர் கம்பெனியை விட்டு லோடுமேன் யாரும் வெளியே போக முடியாது. ஊர் வழக்கம் அப்படி. அவன் பெண்சாதி மங்கலமோ சிதம்பரத்தில் காலேஜ் பக்கம் இட்லிக்கடை போட்டுவிட்டாள். "அண்டா தூக்க நீ வர்றியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?" என்று தினமும் போனில் கேட்டாள். அந்த வேற ஆள் யாராயிருக்கும் என்று அவன் ராத்திரியெல்லாம் ஊர் ஆட்களை எண்ணிப் பார்த்தான்.

இந்த நேரத்தில் முதலாளி ஸ்ரீதர் கடலூரில் ஏதோ நிர்வாக வகுப்புக்குப் போனார். போகும்போது நல்லாத்தான் போனார். மூட்டைக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டிருந்த நான்கு லோடுமேன்களையும், வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"காசு என்னய்யா காசு. மரியாத குடுத்தா மனுசன் மலையத் தூக்குவான்."

"மலைக்கு என்ன கூலி, மொதலாளி?" என்றான் அந்தோணிசாமி.

கூலி ஏறவில்லை. பதவி ஏறியது. கொளஞ்சியப்பன் லோடிங் மேனேஜர். அந்தோணிசாமி சூப்பர்வைசர். மற்ற இருவரும் இன்சார்ஜ். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். சந்தைக்கு ஓட்டிப்போகிற மாடுகள் மாதிரி நால்வரும் வெளியே வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து முந்திரிக்கொட்டை லாரி வந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லாரியை மூடிய தார்ப்பாயில் கிழியாத இடம் கம்மி. நனைந்த கொட்டை பூசணம் பிடித்துவிடும். நால்வரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

லோடு வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை ஏவுகிற மேஸ்திரி ஆனவன் மூட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் தூக்குகிறவன் கூலியில் பங்குக்கு வந்துவிடுவான். முன்பு கம்பெனியை நடத்திய ஸ்ரீதரின் அப்பாவுக்கு அது தெரியும். வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"ஏன்யா குந்திருக்கீங்க? எறக்குங்க" என்று ஸ்ரீதர் ஓடி வந்தார்.

"நான் மேனேஜருங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்" என்றான் கொளஞ்சியப்பன்.

"நான் இன்சார்ஜுங்ககிட்ட சொல்லிட்டேன் மொதலாளி" என்றான் அந்தோணிசாமி.

இன்சார்ஜ் இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு நாய்தான் படுத்திருந்தது.

லாரி டிரைவர் பீடியை அணைத்தார். "எறக்கலன்னா வண்டி நிக்கிற நேரத்துக்கு ஹால்டிங் சார்ஜ் ஆவும் சார்."

முதல் தூறல் ஸ்ரீதரின் மூக்கில் விழுந்தது. "சரி, ஒரு பதவியும் வேணாம். அட்டையக் கயட்டுங்க. ரெண்டு ரூபா ஏத்தித் தரேன்."

மூன்று அட்டைகள் கழன்றன. நான்காவது, கொளஞ்சியப்பன் கழுத்தில் கிடந்தது, அசையவில்லை.

"உனக்கு என்னய்யா?"

"அட்வான்ஸ் வாங்குனது லோடுமேன். அவன நேத்து நீங்களே இல்லாம பண்ணிட்டீங்க. திரும்ப அவனக் கூப்டா, கடன் இல்லாமத்தான் வருவான். இன்னிக்கு லோடு எறக்கிட்டு சிதம்பரம் போறேன்."

"இது எந்த ஊரு நியாயம்?"

"தெரியாதுங்க. மேனேஜர் ஆனதுலேருந்து இப்டிதான் தோணுது."

தார்ப்பாயின் கிழிசல் வழியே மழை சொட்டத் தொடங்கியது. அட்டையைக் கழற்றிய மூவரும் நாலாவது ஆள் வராமல் மூட்டையைத் தொடுவதாக இல்லை. ஸ்ரீதர் லாரியைப் பார்த்தார், கொளஞ்சியப்பனைப் பார்த்தார்.

"தள்ளுபடி. எறக்கித் தொலை."

"டிரைவரண்ணே, கேட்டுக்குனீங்களா?"

"கேட்டுக்குனேன்."

கொளஞ்சியப்பன் அட்டையை முதலாளி கழுத்திலேயே மாட்டிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கடனில்லாத முதுகில் முதல் மூட்டையை வாங்கினான்.